ரோபோ ஒலிம்பியாட்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பள்ளியில் ரோபோட்டிக் கழகம் தொடங்குகிறார்கள், பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோர் பினாங்கில் பெருகி வருகிறார்கள். போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் முதன்முதலாக நடந்தது. பிறகு ஒவ்வொரு நாடாகச் சுற்றி வந்தது. 2012இல் கோலாலம்பூர், 2016இல் இந்தியா, 2024இல் துருக்கியின் இஸ்மிர், 2025இல் மீண்டும் சிங்கப்பூர். நம் நாட்டில் இதற்கு வாசலாக இருந்து வந்தது தேசிய ரோபோட்டிக் போட்டி. கல்வி அமைச்சும் சஸ்பாடி நிறுவனமும் இணைந்து பல ஆண்டுகள் நடத்திய போட்டி இது. மாநில அளவில் வென்றால் தேசிய அளவு, அங்கும் வென்றால் உலகப் போட்டி.

ரோபோ என்றதும் கைகால் ஆட்டும் இயந்திர மனிதனை நினைக்க வேண்டாம். களத்தில் ஓடுவது ஒரு சிறிய சக்கர வண்டி. புறப்படும்போது நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 25 செண்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. மேசையில் விரித்த படத்தின் மீது அது கறுப்புக் கோட்டைப் பிடித்துச் சென்று, வண்ணக் கட்டைகளை எடுத்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். அதற்கு 2 நிமிடம். தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி கிடையாது. பொத்தானை அழுத்திய பின் யாரும் வண்டியைத் தொடக்கூடாது.

கவனிக்க வேண்டியது இதற்கு முந்தைய சில மணி நேரத்தை. பயிற்சி நேரத்தில் பயிற்றுநருக்குக் களத்தில் இடமில்லை, பிள்ளைகள் மட்டுமே. நேரம் முடிந்ததும் எல்லா வண்டிகளையும் பரிசோதனை மேசையில் வைத்துவிட வேண்டும். வண்ணக் கட்டைகள் எங்கெங்கே நிற்கும் என்பதற்குக் குலுக்கல் அதன் பிறகுதான். ஆக, மனப்பாடம் செய்த பாதை உதவாது. வண்டி தானே நிறம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். போட்டியன்று புதிதாக ஒரு விதியையும் அறிவிப்பார்கள். வண்டியை முழுவதும் கழற்றிக் கொண்டுவந்து, வரைபடம் இல்லாமல் அங்கேயே பொருத்த வேண்டும் என்ற விதியும் பல ஆண்டுகள் இருந்தது.

வண்டியின் அடியில் உள்ள நிற உணரி, தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை 0 முதல் 100 வரை எண்ணாகச் சொல்லும். கறுப்பில் 10, வெள்ளையில் 80 என்று காட்டினால், நடுவே 45 என்று வைத்துக்கொண்டு கோட்டின் ஓரத்தைப் பிடித்தபடி வண்டி போகும். வகுப்பறை வெளிச்சத்தில் சரியாக இருந்த 45, மண்டபத்து விளக்கொளியில் பிழையாகலாம். மின்கலம் இறங்கினாலும், சக்கரத்தில் தூசி ஒட்டினாலும் திரும்பும் கோணம் மாறும். அளந்து பார்த்து அங்கேயே திருத்தத் தெரிந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும். பெரியவர் எழுதித் தந்த நிரலோடு வந்த பிள்ளைக்கு எந்த எண்ணை மாற்றுவது என்றே தெரியாது. காசு கொடுத்து நிரல் எழுதி வாங்குவது வீண் என்பேன்.

(உணரி, நிரல் எல்லாம் நல்ல சொற்கள்தான். களத்தில் நம் பிள்ளைகள் சென்சார், கோடிங் என்றுதான் பேசுகிறார்கள். விதிப் புத்தகமும் தமிழில் இல்லை. ஆசிரியர் ஒருமுறை உட்கார்ந்து தமிழில் விளக்கிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.)

பினாங்கில் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய வகுப்பிலிருந்தே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாற்றைச் சொல்கிறோம். இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். பெரும்பாலானவை செபராங் பிறையில், பல தோட்டப் பள்ளியாகப் பிறந்தவை. கொம்தாரில் உள்ள டெக் டோம் அறிவியல் கூடமோ தீவில் இருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாஸ் வர்த்தக வளாகமும் இன்டெல் ஆலையும் வந்தது முதல் மின்னணுப் பொருள்களைக் கையால் பொருத்தி வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவற்றை இயக்கும் நிரலை எழுதும் வாய்ப்பு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டவேண்டும் என்பதே இங்கு பெரிய கேள்வி.

செலவை மறைக்க முடியாது. போட்டித் தரத்திலான ஒரு லெகோ தொகுதி ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். பழைய தொகுதி மலிவாகக் கிடைத்தால் கவனம் தேவை: மைண்ட்ஸ்டார்ம்ஸ் வகையை லெகோ 2022 இறுதியோடு நிறுத்திவிட்டது. தொகுதியைப் பள்ளிப் பெயரில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கினால் ஆண்டுதோறும் பல குழுக்களுக்கு உதவும். பழகுவதற்குக் கணினி மட்டும் போதும். லெகோவின் ஸ்பைக் தொகுதியில் பிள்ளைகள் அடுக்கும் நிரல்கட்டைகள், இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிராட்ச் மொழியை ஒட்டியவையே.

ஒரு குழுவில் 2 அல்லது 3 பேர், ஒரு பயிற்றுநர். வயதுப் பிரிவுகள் 8–12, 11–15, 14–19. போட்டி நாளன்று உள்ள வயதைப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டில் எத்தனை வயது நிறைகிறது என்பதே கணக்கு. தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆறாம் ஆண்டில் குழு அமைத்தால், ஒரு போட்டியோடு பிள்ளைகள் படிவம் ஒன்றுக்குப் போய் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளில் சிதறிவிடுவார்கள். நான்காம் ஆண்டில் தொடங்கினால் அதே மூவருக்கு மூன்று போட்டிகள் கிடைக்கும்.