தறிச் சத்தமும் கூரைக் கண்ணாடியும்

சென்ற தவணையில் கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம், அவர்களின் அப்பாமார் என்ன தொழில் செய்தார்கள் என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் "வியாபாரம்" என்றே எழுதி வந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதினேன். உம்மாட வாப்பா கொழும்பில் ஒரு நெசவாலையில் தறி ஓட்டியவர்.

அப்பா வீட்டில் உரத்துத்தான் பேசுவார். "அப்பா ஏசுறார்" என்று பிள்ளைகள் நாங்கள் ஒளிந்துகொள்வோம். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிப்போனது பிறகுதான் விளங்கிற்று. ஆலைக்குள்ளே வாயால் பேச ஏலாது, கையாலும் உதட்டாலும்தான் பேச்சு என்பார்.

அவர் சொன்ன இன்னொரு விடயம் நெடுங்காலம் எனக்குப் புரியவில்லை. "மே, ஜூன் வந்தா மேல் கண்ணாடிக்கு சாக்குக் கட்டுவோம் மகன். வெயில் நேரே தறியில விழும்."

பழைய ஆலைக் கட்டடங்களைப் பற்றி வாசித்தபோது விடை கிடைத்தது. தறி ஓடும்போது தரை அதிரும். ஆகவே நெசவை நிலத்தளத்தில் வைத்தார்கள். அகன்ற கூடத்தின் நடுவுக்குச் சுவர் யன்னலின் வெளிச்சம் எட்டாது. அதனால் கூரையையே வாள்பல் போல மடித்து, ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கத்திலும் கண்ணாடி பதித்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் கண்ணாடியை வடக்கே திருப்பினால் நண்பகல் வெயில் உள்ளே வராது. நூலின் பழுது தெரியும்படி சீரான வெளிச்சம் மட்டும் வரும். உள்ளே வரிசையாக நின்ற வார்ப்பிரும்புத் தூண்கள் கூரையைத் தாங்கின. ஒரே நீராவி எந்திரத்தின் விசையை எல்லாத் தறிகளுக்கும் கொண்டுபோன நெடுந்தண்டுகளையும் தோல்வார்களையும் பெரும்பாலும் அவையே தாங்கின. காய்ந்த காற்றில் பருத்தி நூல் அறும் என்பதால் யன்னல்களை மூடியே வைப்பார்கள். பஞ்சுத் தூசு தொழிலாளியின் நெஞ்சுக்குள் போயிற்று.

லங்காஷயருக்குப் பொருந்திய இந்தக் கணக்கு கொழும்பில் பிழைக்கும். நாம் இருப்பது ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கு நோக்கிய கண்ணாடி அந்த ஐந்து மாதமும் வெயிலை உள்ளே விடும். வரைபடத்தின் பிழையைச் சாக்குக் கட்டித் திருத்தியவர்கள் அப்பா போன்றவர்கள்.

கொழும்பின் ஆலைகளில் பெயர்பெற்றது வெள்ளவத்தை ஸ்பின்னிங் அன்ட் வீவிங் மில்ஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோன்றியது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு திருப்பம். சுமார் 1,400 தொழிலாளரில் பெரும்பகுதியினர் இந்தியர், மலையாளிகள் அதிகம். ஒருகாலத்தில் எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றுசேர்த்த ஏ. ஈ. குணசிங்ஹ அப்போது இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியிருந்தார். வேலைநிறுத்தக்காரரின் பக்கம் நின்ற இளைஞர்களில் கொல்வின் ஆர். டி சில்வா முக்கியமானவர். ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு அவரே தலைவரானார். அந்த இளைஞர் வட்டம்தான் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தது. இன்று அந்த ஆலை நிலத்தில் ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த அதை வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக்கலையை முறைப்படி படித்தவரல்லர். அவர் பெயர் நமக்குத் தெரியும். கட்டடமும் நிற்கிறது. காரணம், அங்கே தொழுகை நிற்கவில்லை. வக்பு சொத்தை விற்கவும் முடியாது. ஆலைக்கு அப்படியொரு காவல் இல்லை. எந்திரம் நின்றால் மிஞ்சுவது காணியின் விலைதான்.

ஆகவே கொழும்பு முஸ்லிம்களின் வரலாறு பள்ளிவாசல்களின், கடைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது. அது பொய்யல்ல, ஆனால் அரைவாசிதான். ஆலையில், துறைமுகத்தில், ரயில் பட்டறையில் கூலிக்கு நின்றவர்களை விட்டுவிட்டு எழுதுவதால்தான், "நேற்று வரைக்கும் நீங்கள் எல்லாரும் முதலாளிமார்தானே" என்று யாராவது கேட்டால் நம் பிள்ளைகளுக்குப் பதில் இல்லை.

கட்டடத்தை இனி மீட்க ஏலாது. உங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு வேலை அட்டை, சம்பளத் துண்டு, சங்கச் சந்தா றிசீட் கிடக்கலாம். எறிந்துவிடாதீர்கள், ஒரு பிரதி எடுத்து இந்த இதழுக்கு அனுப்புங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். அவர் உரத்துப் பேசினால், ஏசுகிறார் என்று எழும்பிப்போய்விடாதீர்கள்.