கொட்டியாரக் குடாவும் எண்ணப்படாத நாட்களும்

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதன் விளைவுகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றுண்டு. பாய்ப்படகையே வீடாகக் கொண்டு மத்தியதரைக் கடலில் வாழ்ந்துவந்த ஆங்கிலேயருக்கு நேர்ந்த சங்கடம் அது. வதிவிட அனுமதி இல்லாதோர், 2021 ஜனவரி முதல், செங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம். அவர்களது படகோ பெறுமதி சேர் வரி இன்றி 18 மாதங்கள் நிற்கலாம். வீட்டுக்குப் பதினெட்டு மாதம். வீட்டுக்காரருக்கு மூன்று மாதம்! அனுமதி பெற்று ஸ்பெயினில் ஆண்டுக்கு 183 நாட்களுக்கு மேல் தங்கினால், வருமான வரி வாசலில் வந்து நிற்கும்.

இந்தக் கணக்குகளை வாசித்தபோது திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவே என் நினைவுக்கு வந்தது. நாட்கள் எண்ணப்படாத காலமொன்றில், ஆங்கிலேய மாலுமிகள் சிலர் அங்கு வந்து இறங்கினர்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில், 'ஆன்' என்னும் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் நாட்டவும் வணிகம் செய்யவும் அது கொட்டியாரத்துக்கு வந்தது. ஊரவர் நல்ல முறையிலேயே பழகினர். ஆனால் 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், அவருடைய பத்தொன்பது வயது மகன் ரொபேர்ட் நொக்ஸையும் சேர்த்துப் பதினாறு பேரைச் சிறைப்பிடித்தனர். தந்தையார் அரசனுக்குக் கடிதமும் காணிக்கையும் அனுப்பத் தவறியதே காரணமாயிருக்கலாம் என்று நொக்ஸ் பின்னர் எழுதினார். இன்றைய மொழியிற் கூறினால், குடிவரவு நடைமுறை பின்பற்றப்படவில்லை.

கைதிகள் மலைநாட்டுக் கிராமங்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்குச் சோறிடும் கடமை ஊரவருக்கு. காணிக்காக இராசகாரியம் செய்தும், புத்தாண்டில் அரசனுக்குத் திறை கொடுத்தும், வீட்டில் ஒருவர் இறந்தால் 'மரால்' என்னும் வரியாக மாடும் எருமையும் செலுத்தியும் வந்த அதே குடியானவர்களின் தலையிலேயே இச்சுமையும் ஏறியது. வதிந்தவன் அந்நியன், அதன் விலையைக் கொடுத்தவன் ஊரான்.

தந்தை 1661 பெப்ரவரியில் காய்ச்சலில் மாண்டார். மகன் தொப்பி பின்னி விற்றார். நெல்லை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டிக்குக் கொடுத்தார். எலதெத்தவில் இருபத்தைந்து இலாரினுக்குக் காணி வாங்கி வீடு கட்டினார். (இதே நாட்டில் அந்நியர் காணி வாங்கினால் அதன் பெறுமதியில் நூறு வீதத்தை வரியாகக் கட்ட வேண்டுமென்று நிதிச் சட்டம் விதித்தது 1963இல்!) குடியிருப்பவனுக்குரிய யாவும் நொக்ஸிடம் இருந்தன, புறப்படும் உரிமை மட்டும் இல்லை. 1679 அக்டோபரில் தோழர் ஒருவருடன் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூல், அக்கால இலங்கையை அறிய இன்றும் நாம் நாடும் ஆவணம்.

இலங்கையின் 2017ஆம் ஆண்டு உண்ணாட்டரசிறைச் சட்டமும் 183 நாட்கள் என்ற கணக்கை வைத்திருக்கிறது. நொக்ஸ் இருந்ததோ ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். தொண்ணூறு நாள் விதியை நொந்துகொள்ளும் படகுக்காரரின் வருத்தம் நியாயமானதே. ஆயினும் முடியும் நாள் எழுதப்பட்ட விதி, எவ்வளவு கடுமையானதாயினும், ஒருவரின் விருப்பத்தைவிட மேலானது. அதனோடு வாதாடலாம், திட்டமிடலாம்.

இதனை அந்நியரின் கதையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அதே குடாவின் கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இல் போரினால் இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்த பின்னரும், அவர்களுடைய காணிகள் 2015ஆம் ஆண்டிலிருந்தே கட்டங்கட்டமாக மீண்டன. இடைப்பட்ட காலத்தில் எத்தனை நாளில் வீடு திரும்பலாம் என்று அவர்களுக்குச் சொல்லும் விதி எதுவும் இருக்கவில்லை. வந்தவரைப் போகவிடாமல் வைத்திருந்த கரை அது. இருந்தவரை வரவிடாமல் வைத்திருந்ததும் அதே கரைதான். இரண்டு வேளையிலும் நாட்களை எண்ணியவர்கள் காத்திருந்தவர்கள் மட்டுமே.