அடுக்களையும் அங்காடியும்

ஓர் உணவுப்பொருள் ஓரிடத்தில் மிகுதியாக விற்பதற்குக் காரணம் யாது என வினவினால், விலையும் வருவாயுமே என்று பொருளியலார் விடை கூறுவர். அவ்விடை தவறன்று; ஆயினும் முழுமையானதும் அன்று. குடும்பத்தின் சமயம், அளவு, சமைப்பார்க்குள்ள நேரம் ஆகியவையும் அங்காடியை ஆள்கின்றன. பல்லாண்டு வரலாறு கற்பித்த நான், இதற்கு அமெரிக்கக் கோழி வணிகத்தையே சான்றாகக் காட்டுவேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு உழவர் பெரும்பாலும் முட்டைக்காகவே கோழி வளர்த்தனர். முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையும் மிகையான சேவலுமே இறைச்சியாயின. நியூயார்க் நகரின் நிலை வேறு. அங்குக் குடியேறிய பல இலட்சம் யூதர்க்குப் பன்றி இறைச்சி விலக்கு. வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் ஓய்வுநாள் உணவுக்குக் கோழியே சிறப்பு. அதனையும் சமய விதி கற்றவரே அறுத்தல் வேண்டும். ஆதலின் உயிருள்ள கோழிகள் வெளி மாநிலங்களிலிருந்து வந்து குவிந்தன.

இத்தேவை, தற்செயல் ஒன்றையும் தொழிலாக்கிற்று. 1923ஆம் ஆண்டில் டெலவேர் மாநிலத்துச் சிசில் ஸ்டீல் என்னும் அம்மையார் 50 குஞ்சுகள் கேட்க, 500 வந்து சேர்ந்தன. அவர் அவற்றை இறைச்சிக்கென வளர்த்து நல்ல விலைக்கு விற்றார். 1926இல் 10,000 கோழிகளுக்குக் கொட்டகை அமைத்தார். அண்டை உழவரும் பின்பற்றினர். அவர்களுக்கு நியூயார்க் பெருஞ்சந்தையாயிற்று.

குடும்ப வழக்கம் நீதிமன்றமும் ஏறிற்று. 1933ஆம் ஆண்டுத் தொழில் மீட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த விதியொன்று, கடைக்காரர் கோழியைத் தெரிந்தெடுத்தலைத் தடுத்தது. கூட்டில் கைக்கு வந்ததையே கொள்ள வேண்டும் என்றது. குறையற்ற கோழியையே நாடும் இல்லத்தார்க்கு விற்பவர் இதற்கு எங்ஙனம் உடன்படுவர்? இதனையும் பிற விதிகளையும் மீறினர் எனப் புரூக்ளின் ஷெக்டர் உடன்பிறந்தார் தண்டிக்கப்பெற்றனர். 1935 மே 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை ஒருமனதாக நீக்கிற்று. தீர்ப்பின் அடிப்படை அரசியலமைப்பே. எனினும் அதனால் வீழ்ந்தது ஓர் அரசின் பொருளாதாரத் திட்டம்.

பின்னர்க் குடும்பங்கள் சிறுத்தன. பெண்டிர் பலர் வெளியே பணிக்குச் சென்றனர். 1960களின் தொடக்கத்தில் பெரும்பாலும் முழுதாக விற்ற கோழி, துண்டுகளாக விற்கலாயிற்று.

நம் நாட்டிலும் புரட்டாசி வந்தால் தமிழகத்துக் கறிக்கடையில் கூட்டம் குறைகிறதன்றோ? வருவாய் மாறவில்லை, வீட்டு நோன்பே காரணம். ஆதலின், நேயர்களே, சந்தையை அளக்கப் புகுவோர் முதலில் அடுக்களையை அறிதல் வேண்டும்.