விருந்தாளியாக வந்து உறவாக நின்றவர்



‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மூன்று நாளைக்கு மேல் தங்கினால் விருந்தாளி வீட்டாருக்குப் பாரமாகிவிடுவார் என்பது அதன் கருத்து. ஆனால், அந்நிய நாட்டு மக்களிடையே விருந்தாளியாகப் போய், அவர்களோடு உழைத்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, அவர்கள் மண்ணிலேயே அடக்கமான ஒரு பெண்மணியும் இருந்தார். அவர் பெயர் காரன் யெப்பே. பிறந்த நாடு டென்மார்க். அவர் தேடிப் போனது ஆர்மேனிய மக்களை. தொழிலால் அவர் என்னைப் போல் ஓர் ஆசிரியை. அவருடைய வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஆர்மேனியர் என்ற பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பினாங்கு போனபோது, ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் தெருவின் பெயர்ப் பலகையைப் பார்த்த ஒரு மாணவி, “டீச்சர், இது யாரோட பேர்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த மக்கள் வணிகம் செய்ய நம் பக்கம் வந்தவர்கள். பினாங்கில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் தங்கும்விடுதியையும், 1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் தங்கும்விடுதியையும் நடத்தத் தொடங்கியவர்கள் சார்கீஸ் சகோதரர்கள் என்னும் ஆர்மேனியர்கள். சிங்கப்பூரின் மிகப் பழைய கிறிஸ்துவ ஆலயம் 1835-இல் ஆர்மேனியர் கட்டியதே. சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக ஏற்ற ஆர்க்கிட் பூவும் ஆக்னஸ் யோவாக்கிம் என்ற ஆர்மேனியப் பெண்ணின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்னொரு செய்தி நமக்குப் பெருமை தருவது. உலகில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் ஆர்மேனியாவில் அச்சாகவில்லை. 1794-இல் சென்னைப் பட்டணத்தில் அச்சாயிற்று. ‘அஸ்தரார்’ என்பது அதன் பெயர்.

அவர்களுடைய தாயகம், அராரத் மலையைச் சூழ்ந்த மேட்டு நிலம். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்துவத்தை அரசு சமயமாக ஏற்றவர்கள். 405-ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் என்ற துறவி அவர்கள் மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்துத் தந்தார். நாடு கைமாறினாலும் எழுத்தைக் கைவிடாத மக்கள் என்று அவர்களைச் சொல்லலாம். பிற்காலத்தில் அவர்களில் பெரும் பகுதியினர் துருக்கிய ஒட்டோமான் பேரரசின் குடிகளாக, உழவர்களாகவும் கைவினைஞர்களாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்தார்கள். 1894 முதல் 1896 வரை அவர்கள் மீது பெரும் கொலைவெறி பாய்ந்தது. 1895 டிசம்பரில் உர்ஃபா நகரத்துத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த சுமார் 3,000 பேர் தீக்கிரையானதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அநாதைப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக யோகன்னஸ் லெப்சியஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் உர்ஃபாவில் ஓர் இல்லம் அமைத்தார்.

இங்கேதான் நம் ஆசிரியை வருகிறார். காரன் யெப்பே 1876-இல் ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியருக்கு மகளாகப் பிறந்தவர். மருத்துவம் படிக்கப் போனார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. பிறகு ஆசிரியையானார். 1902-இல் ஒரு பயண அறிஞர் ஆர்மேனியரின் துயரத்தைப் பற்றி ஆற்றிய உரையைக் கேட்டார். கேட்டுவிட்டு, “ஐயோ பாவம்” என்று சொல்லி வீட்டுக்குப் போவது எளிது. அவரோ லெப்சியஸுக்குக் கடிதம் எழுதினார். 1903-இல், 27 வயதில், உர்ஃபாவுக்குப் பயணமானார்.

அன்பர்களே, வெள்ளைக்காரர் ஒருவர் வருகிறார் என்றால் நம் பாட்டன்மார்க்கு என்ன நினைவு வரும்? துரையின் நினைவு வரும். அவர் மலைமேல் பங்களாவில் இருப்பார். நம்மவர்கள் கீழே லயத்தில் இருப்பார்கள். சில துரைமார்கள் தமிழ் பேசினார்கள். ஆனால் அது பெரட்டுக் களத்தில் வேலை வாங்குவதற்கான தமிழ். யெப்பே அம்மையார் மொழி கற்றது வேறு காரணத்துக்காக. அநாதைப் பிள்ளை இரவில் அழும்போது எதற்காக அழுகிறது என்று அறிய வேண்டுமே! ஆர்மேனியம், துருக்கியம், அரபு மூன்றையும் கற்றார். ஆர்மேனிய மொழியிலேயே பாடம் நடத்தினார்.

பாடம் நடத்தும் முறையையும் மாற்றினார். நாம் ‘ஆனா, ஆவன்னா’ என்று எழுத்தின் பெயரை நெட்டுருப் போட்டது போல, அங்கே பிள்ளைகள் ‘அய்ப், பென், கிம்’ என்று எழுத்துகளின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் தெரிந்தால் மட்டும் சொல்லைப் படிக்க முடியுமா? எழுத்தின் ஒலியை முதலில் காட்டி, ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். பிள்ளைகள் விரைவாகப் படிக்கத் தொடங்கினார்கள். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கற்பித்தார். மிசாக் என்ற சிறுவனையும் லூசியா என்ற சிறுமியையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். பின்னாளில் அவ்விருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

இனி நான் சொல்லப் போவது கேட்கக் கடினமானது. முதல் உலகப் போர் மூண்டது. 1915-இல் ஒட்டோமான் அரசு ஆர்மேனியரை ஊர் ஊராக வெளியேற்றிச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தது. ஆண்களில் பலரை முன்னதாகவே பிரித்துக் கொன்றார்கள். பெண்களும் முதியோரும் குழந்தைகளும் பசியாலும் தாகத்தாலும் கொலையாலும் வழியெல்லாம் மாண்டார்கள். மாண்டவர்கள் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணக்கு. இதை இன அழிப்பு என்றே பெரும்பாலான அறிஞர்கள் கூறுகின்றனர். துருக்கி அரசு அச்சொல்லை ஏற்கவில்லை.

அந்த நடைவரிசைகள் உர்ஃபா வழியாகவும் சென்றன. டென்மார்க் போரில் சேராத நடுநிலை நாடு. எனவே யெப்பே ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. தம் வீட்டுத் தரைக்கு அடியில் பதுங்கிடம் அமைத்து, தப்பி வந்தவர்களை மறைத்து வைத்தார். சிலரைக் குர்தியர் போலவும் அரபியர் போலவும் உடை மாற்றி வெளியே அனுப்பினார். அவருடன் அந்நகரில் இருந்த இன்னொரு வெளிநாட்டார் யாக்கோப் கூன்ஸ்லர். அவர் சுவிட்சர்லாந்துக்காரர், தச்சு வேலை கற்று, பின் மருத்துவமனைப் பணிக்கு வந்தவர். 1922-இல் அவர் சுமார் 8,000 அநாதைக் குழந்தைகளைத் துருக்கியிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்தார். யெப்பேயோ இத்தனை பாரத்தாலும் உடல் நலிந்து, 1918-இல் டென்மார்க் திரும்பினார்.

அதோடு கதை முடிந்திருந்தால் நான் இங்கே பேச வந்திருக்க மாட்டேன். 1921-இல் அவர் மீண்டும் புறப்பட்டார். இம்முறை சிரியாவின் அலெப்போ நகரம். நாடிழந்த ஆர்மேனியர்கள் அங்கே கூடாரங்களிலும் குடிசைகளிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் பாலைவனத்து வீடுகளிலும் கூடாரங்களிலும் சிதறிக் கிடந்தார்கள். சிலரை இரக்கத்தால் எடுத்து வளர்த்தவர்களும் உண்டு. விலைக்கு வாங்கி அடிமையாக வைத்தவர்களும் உண்டு. அவர்களை மீட்கும் பணியை உலக நாடுகள் சங்கம் யெப்பேயிடம் ஒப்படைத்தது. உள்நாட்டில் சிறு நிலையங்கள் அமைத்து, நம்பிக்கையான ஆட்களை அனுப்பி, “வர விரும்புவோர்க்கு அலெப்போவில் ஒரு வீடு இருக்கிறது” என்ற செய்தியைப் பரப்பினார். கால்நடையாகவே தப்பி வந்து அந்த வீட்டின் கதவைத் தட்டியவர்கள் பலர். இப்படி மீண்டவர்கள் சுமார் 2,000 பேர்.

வந்தவர்களில் பல பெண்களின் முகத்தில் பச்சை குத்தியிருந்தது. நம் பாட்டிமார்களும் பச்சை குத்திக்கொண்டார்கள். அது அவர்கள் விரும்பி ஏற்ற வழக்கம். இவர்களுக்கோ அது தாங்கள் கேட்காமலே முகத்தில் விழுந்த அடையாளம். குழந்தைகள் பலர் தாய்மொழியையே மறந்திருந்தார்கள். சிலருக்குத் தம் பெயர் நினைவிருந்தது, ஊர் தெரியவில்லை. சிலருக்கு ஊர் தெரிந்தது, தந்தை பெயர் தெரியவில்லை.

யெப்பே முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு பதிவேடு வைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். நிழற்படம், பெயர், வயது, தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், பின்னர் அவர் வாயால் சொன்ன கதை. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பக்கங்கள் இன்றும் ஜெனிவா நகரில் காக்கப்பட்டு வருகின்றன. அந்தப் பதிவைக் கொண்டு உறவினரைத் தேடினார்கள். தேடிக் கிடைத்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் பயிற்சிக் கல்லூரி முடித்து ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு வந்த முதல் ஆண்டு. இரண்டு வருடம் இருந்துவிட்டு, பட்டணத்துக்கு மாற்றல் கேட்கலாம் என்பதுதான் அப்போது என் எண்ணம். ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு முதலாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பிறப்புப் பத்திரம் இல்லை. “அப்பா பேர் என்ன பாட்டி?” என்றேன். “எல்லாரும் சின்னவன்னுதான் கூப்பிடுவாங்க டீச்சர்” என்றார். தாய் இல்லை, தந்தை போன இடம் தெரியவில்லை. அந்தப் பையனுக்குப் பத்திரம் வாங்க, அவன் பாட்டியோடு நான் எத்தனை முறை பேருந்து ஏறினேன் என்று கணக்கில்லை. பத்திரம் வந்த அன்று பாட்டி எனக்கு ஒரு தூக்கில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு மாற்றல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. யெப்பே அம்மையாரின் பதிவேட்டைப் பற்றிப் படித்தபோது அந்தப் பாட்டிதான் என் கண்முன் நின்றார். அவர்கள் பட்ட துன்பமும் நாம் பட்ட துன்பமும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்வது தவறு. ஆனால் தாளில் பெயர் இல்லாத மனிதனை உலகம் எளிதில் மறந்துவிடும் என்பது எங்கும் ஒன்றுதான்.

யெப்பே தம் மக்களை என்றைக்கும் பிறர் கையை எதிர்பார்ப்பவர்களாக வைத்திருக்க விரும்பவில்லை. பெண்களுக்குப் பூத்தையல் வேலை தந்து, அவற்றை டென்மார்க்கில் விற்கச் செய்தார். ஹாஜிம் பாஷா என்ற அரபுத் தலைவரின் நட்பைப் பெற்று, வட சிரியாவில் அவருடைய நிலத்தில் ஆர்மேனிய உழவர்களைக் குடியமர்த்தினார். தெல் சமன் என்பது அவற்றுள் ஒன்று. அவற்றை நடத்துவதில் வளர்ப்பு மகன் மிசாக் துணை நின்றார். ஆர்மேனியருக்குத் துணை நின்றவர் அரபியரைப் பகைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அண்டை வீட்டாரோடு சமாதானம் இல்லாமல் எந்தக் குடியிருப்பும் நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தக் குடியேற்றங்களில் மலேரியாக் காய்ச்சல் கொடுமையாக இருந்தது. அவரையும் அது விடவில்லை. 1935 ஜூலை 7-ஆம் நாள், 59-ஆம் வயதில், அலெப்போவில் காலமானார். ஆர்மேனியர் தங்கள் இடுகாட்டிலேயே அவருக்கு இடம் கொடுத்தார்கள். 1947-இல் அந்நகரில் தோன்றிய ஆர்மேனிய உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 2011-இல் சிரியாவில் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அலெப்போ சிதைந்தது. ஆர்மேனியர் பலர் மறுபடியும் மூட்டை கட்ட நேர்ந்தது. அவர்களில் ஒரு பகுதியினர், 1991-இல் விடுதலை பெற்ற ஆர்மேனியாவுக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பாட்டியின் கதை பேத்திக்கும் நேர்ந்தது.

நேயர்களே, அந்நிய மக்களிடையே போய்ப் பணி செய்வது எப்படி என்பதற்கு இந்த வாழ்க்கை மூன்று செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, அவர்கள் மொழியைக் கற்பது. இரண்டாவது, ஆபத்து வரும்போது ஓடாமல் இருப்பது. மூன்றாவது, ஒவ்வொருவரையும் அவரவர் பெயரால் அறிவது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று தோட்டங்கள் மூடப்படுகின்றன. குடும்பங்கள் பட்டணங்களுக்குச் சிதறுகின்றன. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், உங்கள் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுங்கள். பாட்டன், பாட்டி பெயர், அவர்கள் வந்த ஊர், வேலை செய்த தோட்டம், பால் வெட்டிய நிரை, எது நினைவிருக்கிறதோ அதைப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரை முதலில் கேளுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.