கம்பியும் தெரிவும்: பிரித்தானிய வீட்டு இணையத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பிரித்தானியத் தொலைபேசியின் வரலாற்றை அரச ஏகபோகக் காலம், தனியார்மயக் காலம், போட்டிக் காலம் என மூன்றாக வகுத்து நோக்குவது வழக்கம். உடைமை யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதை அறிவதற்கு இவ்வகுப்புப் போதுமானது. ஆனால், தன் வீட்டு இணையத்தின் வேகம் போதாதெனக் கண்ட ஒரு குடும்பம் வேறொரு நிறுவனத்திடம் மாறிச் சென்றபோது நிகழ்ந்தது யாது என்ற வினாவுக்கு இதில் விடை கிடைப்பதில்லை. கட்டணச் சிட்டையிலிருந்த பெயர் மாறியது. கட்டணமும் சில வேளைகளில் குறைந்தது. வேகமோ பெரும்பாலும் இருந்தபடியே இருந்தது. இதற்கான காரணத்தைத் தேடுபவர் நிறுவனங்களின் வரலாற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, வீதியோரத்துக் கம்பியின் வரலாற்றுக்குள் புகவேண்டியவராகின்றார்.

1880ஆம் ஆண்டில் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, சட்டத்தின் நோக்கில் தொலைபேசியும் ஒருவகைத் தந்தியே எனத் தீர்ப்பளித்தது. தந்தி ஏற்கெனவே தபால் திணைக்களத்தின் தனியுரிமையாக இருந்தமையால், தொலைபேசிக் கம்பனிகள் அத்திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்க நேர்ந்தது. அக்கம்பனிகளுள் மிகப் பெரியதாயிருந்த நஷனல் தொலைபேசிக் கம்பனி 1912இல் திணைக்களத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. 1969இல் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1981இல் தபால் வேறு, தொலைத்தொடர்பு வேறு எனப் பிரிக்கப்பட்டு பிரிட்டிஷ் ரெலிக்கொம் தோன்றியது. (இலங்கையில் இவ்விரண்டும் ஓராண்டு முன்னதாக, 1980இலேயே தனித்தனித் திணைக்களங்களாகிவிட்டன.) 1984 நவம்பரில் தட்சர் அரசாங்கம் பிரிட்டிஷ் ரெலிக்கொம்மின் பங்குகளுள் பாதிக்குச் சற்று அதிகமானவற்றைச் சந்தையில் விற்றது. ஒரு நூற்றாண்டில் உடைமை இத்தனை முறை கைமாறியபோதும், இணைப்பு நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் முறுக்கிய இரட்டைக் கம்பி மட்டும் தன் அடிப்படை வடிவில் மாறவில்லை.

அக்கம்பி மனிதக் குரலுக்காக இடப்பட்டது. குரலைப் புரிந்துகொள்ளும்படி கடத்துவதற்கு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்கள் போதுமானவை. அந்த அளவில் ஐந்து கிலோமீற்றர் தொலைவிலிருப்பவருக்கும் அரைக் கிலோமீற்றர் தொலைவிலிருப்பவருக்கும் பேச்சு ஏறக்குறைய ஒரே தெளிவுடன் கேட்கும். ஆகவே தொலைபேசியைப் பொறுத்தவரை தூரம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த ஏ.டி.எஸ்.எல். எனும் முறை, குரலுக்கு மேலே வெறுமையாகக் கிடந்த உயர் அதிர்வெண்களைத் தரவு கடத்துவதற்குப் பயன்படுத்தியது. உயர் அதிர்வெண்களோ செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூட விரைந்து நலிவடைபவை. 2000களின் நடுப்பகுதியில் வந்த மேம்பட்ட ஏ.டி.எஸ்.எல். முறையில், இணைப்பு நிலையத்துக்கு அருகே நொடிக்கு 24 மெகாபிற் வரை எட்டக்கூடியதாயிருந்த வேகம், கம்பியின் நீளம் ஐந்து கிலோமீற்றரை அணுகும்போது இரண்டு மூன்று மெகாபிற்றாக ஒடுங்கிவிடும். குரலின் காலத்தில் சமமாயிருந்த அயலவர்கள் தரவின் காலத்தில் சமமற்றவர்களாயினர். இத்தகைய ஏற்றத்தாழ்வை எவரும் திட்டமிட்டிருக்கவில்லை. ஏறத்தாழ 5500 இணைப்பு நிலையங்களுக்கு இடந்தேர்ந்த காலத்தில் இப்படியொரு வினாவே எழுந்திருக்கவில்லை.

இதனை மேலும் துலக்குவது மில்ரன் கீன்ஸ் நகரத்தின் கதை. 1967இல் புதிய நகராக அறிவிக்கப்பட்டுத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட இடம் அது. செம்பின் விலை உயர்ந்திருந்த அக்காலப்பகுதியில் தபால் துறையினர் நாட்டின் சில பகுதிகளில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பிகளை இட்டனர். மில்ரன் கீன்ஸ் அப்பகுதிகளுள் ஒன்று. பேச்சுக்கு அலுமினியம் போதுமானதாகவே இருந்தது. ஆனால் அதன் மின்தடை செம்பினதை விடக் கூடியது. மூட்டுகளும் எளிதில் பழுதடைபவை. முப்பது ஆண்டுகளின் பின்னர், புத்தம்புதிய நகரொன்றின் குடியிருப்பாளர் பலர் பழைய நகரங்களில் வாழ்வோரைவிட மந்தமான இணையத்தைப் பெறலாயினர். ஒரு காலத்தின் சிக்கன நடவடிக்கை மற்றொரு காலத்தவரின் வீட்டு வாசலில் வந்து நின்றமைக்கு இதனைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது. அந்நகரவாசி எந்த நிறுவனத்திடம் மாறியிருந்தாலும் அலுமினியக் கம்பி அவரைப் பின்தொடர்ந்தே சென்றிருக்கும்.

கம்பியைப் புதுப்பிப்பதற்கு அரசுக்கு வாய்ப்புகள் இல்லாமலில்லை. எனினும் 1991இன் கொள்கை மீளாய்வு தொலைக்காட்சி வடக் கம்பனிகளைப் போட்டியாளராக வளர்க்க விரும்பி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நாடளாவிய தன் வலையமைப்பின் வழியே ஒளிபரப்பப் பிரிட்டிஷ் ரெலிக்கொம்முக்கு இருந்த தடையை நீடித்தது. வீடுகளுக்கு ஒளிநார் இடுவதற்கான வருவாய் தொலைக்காட்சியிலிருந்தே வரக்கூடும் என்றிருந்த அந்நாளில், இத்தடை ஒளிநாரின் வரவையும் பிற்போட்டதெனக் கருதுவோர் உளர். ஆயினும் தடை இல்லாதிருந்தால் அந்நிறுவனம் நிச்சயமாக ஒளிநார் இட்டிருக்கும் எனக் கொள்வதற்கும் ஆதாரமில்லை. செம்பிலிருந்து இலாபம் வந்துகொண்டிருக்கும்வரை அதனைத் தோண்டியெடுக்க எந்தப் பங்குதாரரும் அவசரப்படமாட்டார். வடக் கம்பனிகளோ நகரங்களில் மட்டும் தமது வடங்களைப் புதைத்து, கடன் சுமையேறி, ஒன்றோடொன்று இணைந்து, ஈற்றில் 2007இல் வேர்ஜின் மீடியா என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன.

அகலப்பட்டை இணையத்தைப் பிரிட்டிஷ் ரெலிக்கொம் 2000ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வீடுகளுக்குக் கிடைத்தது நொடிக்கு அரை மெகாபிற். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000 டிசெம்பர் ஒழுங்குவிதி, பழைய ஏகபோக நிறுவனங்கள் தமது கம்பிகளைப் போட்டியாளருக்குத் திறந்துவிடவேண்டுமெனப் பணித்தது. இணைப்பு நிலையத்தினுள் போட்டி நிறுவனம் தனது கருவியை வைத்து, வாடிக்கையாளரின் கம்பியை அதனுடன் பொருத்திக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. கதவு திறந்திருந்தும் உள்ளே செல்வது எளிதாயிருக்கவில்லை. தன் போட்டியாளருக்கு வழிவிடவேண்டிய பொறுப்பு, வழிவிடாதிருப்பதால் நன்மையடையும் அதே நிறுவனத்திடம் இருந்தமையே காரணம். 2003இல் பொறுப்பேற்ற ஒவ்கொம் எனும் ஒழுங்குபடுத்தும் ஆணையகம் 2005இல் பிரிட்டிஷ் ரெலிக்கொம்மிடமிருந்து சில உறுதிமொழிகளைப் பெற்றது. அவற்றின்படி கம்பிகளைப் பராமரிக்கும் பகுதி 2006 ஜனவரியில் ஓப்பின்றீச் என்ற பெயருடன் தனிப் பிரிவாயிற்று.

அதன் பின்னான சில ஆண்டுகளில் போட்டி உண்மையாகவே பயன் தந்தது என்பதை மறுத்தல் நியாயமாகாது. 24 மெகாபிற் வரையான சேவையை வீடுகளுக்கு முதலில் கொண்டுவந்தது ஏகபோக நிறுவனமன்று. 2005இல் வந்த புதிய நிறுவனமொன்றே. 2006இல் ரோக்ரோக் நிறுவனம் தொலைபேசிச் சேவையுடன் இணையத்தை இலவசமாகத் தருவதாக அறிவித்தபின் விலைகள் சரிந்தன. இணைப்பு நிலையத்தினுள் இருந்த கருவி மாறியதால் வேகமும் மாறியது. ஆனால் அம்மாற்றத்தின் முழுப் பயனையும் பெற்றோர் இணைப்பு நிலையத்துக்கு அண்மையில் வாழ்ந்தோரே. தொலைவிலிருந்தோருக்குப் புதிய கருவியும் பழைய கருவியும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. சனத்தொகை குறைந்த கிராமங்களின் சிறிய நிலையங்களுக்குப் போட்டி நிறுவனங்கள் செல்லவுமில்லை.

மாறிச் செல்லும் உரிமைக்கும் ஒரு வரலாறுண்டு. ஏ.டி.எஸ்.எல். வாடிக்கையாளர் ஒருவர் இணைப்பு அறுபடாமல் விலகுவதற்கு, தாம் விட்டுச்செல்லும் நிறுவனத்திடமே ஒரு குறியீட்டு இலக்கத்தைக் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. சில நிறுவனங்கள் அதனைத் தராது இழுத்தடித்தன. எனவே ஒவ்கொம் 2007 பெப்ரவரியில், கேட்டவருக்கு ஐந்து வேலைநாட்களுக்குள் கட்டணமின்றி அவ்விலக்கத்தை வழங்கவேண்டுமென விதித்தது. அதன் பின்னரும், விலக விரும்புபவர் முதலில் பழைய நிறுவனத்தின் தொலைபேசி ஊழியரிடம் பேசி, அவர் நீட்டும் சலுகைகளைக் கேட்டாகவேண்டியிருந்தது. 2015 யூனில் அம்முறையும் மாற்றப்பட்டு, புதிய நிறுவனத்திடம் சொன்னால் மட்டும் போதும் என்றாயிற்று.

ஈண்டு ஒரு முரண்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. 2015இன் எளிய முறை ஓப்பின்றீச்சின் கம்பியில் இயங்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அதே கம்பியில் இயங்கும் மற்றொரு நிறுவனத்துக்கு மாறுவோருக்கே உரியது. தொலைக்காட்சி வடத்துக்கோ தனி ஒளிநார் வலையமைப்புக்கோ மாறுபவர் பழைய ஒப்பந்தத்தைத் தாமே முறித்து, புதியதைத் தாமே தொடங்கி, இரண்டுக்கும் இடையே இணையமில்லாத நாட்களையோ இரட்டைக் கட்டணத்தையோ தாமே ஏற்கவேண்டியிருந்தது. அதாவது, வேகத்தில் வேறுபாடு தராத மாற்றமே இலகுவாக்கப்பட்டது. வேறுபாடு தரக்கூடிய மாற்றம் கடினமானதாகவே விடப்பட்டது. இதே காலத்தில் தெருவோரப் பெட்டிவரை ஒளிநாரும் அங்கிருந்து வீடுவரை பழைய செம்பும் என்ற கலப்புமுறை பரவியிருந்தது. இதில் கருவியும் ஓப்பின்றீச்சினதே. போட்டி நிறுவனங்கள் பெரும்பாலும் அதனை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றன. ஆதலால் 2005இன் போட்டி வேகத்தில் ஏற்படுத்திய சிறு வேறுபாடும் இப்போது சுருங்கிவிட்டது.

விளம்பரங்கள் இந்நிலையை நெடுங்காலம் மறைத்தன. 2012இல் வகுக்கப்பட்ட வழிகாட்டலின்படி, வாடிக்கையாளருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்குக் கிட்டும் வேகத்தையே 'வரை' என்ற சொல்லைச் சேர்த்து அனைவருக்கும் உரியதுபோல விளம்பரப்படுத்தலாம். 2018 மே மாதத்திலிருந்தே, இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நெரிசல் நேரத்தில் அரைவாசிப் பேருக்காவது கிட்டும் வேகத்தைக் குறிப்பிடவேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது. வீதியில் உள்ள கம்பி அதேதான்; விளம்பரத்தில் உள்ள எண் மட்டும் ஒரே நாளில் சரிந்தது.

கம்பியையே மாற்றினாலன்றி வேகம் மாறாது என்பதைச் செயலிற் காட்டியவர்களுள் லங்காஷயர் மாவட்டத்தின் லூன் பள்ளத்தாக்குக் கிராமத்தவர் குறிப்பிடத்தக்கவர்கள். பெரிய நிறுவனங்களுக்கு இலாபம் தராத அக்கிராமங்களில் 2011இல் சமூக நல அமைப்பாகத் தொடங்கப்பட்ட 'வட கிராமப்புறத்துக்கான அகலப்பட்டை', அம்மக்களிடமே பங்குகளை விற்று முதல் திரட்டியது. நிலத்தின் ஊடாகக் குழாய் செல்வதற்கு விவசாயிகள் வாடகை கேட்கவில்லை. பலர் தமது நிலத்தில் தாமே அகழி வெட்டினர். மாதம் 30 பவுண் கட்டணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இருதிசையிலும் நொடிக்கு 1000 மெகாபிற் வேகம். இலண்டனின் பல வீதிகளில் அன்று பணம் கொடுத்தும் பெறமுடியாதிருந்த வேகம் அது. நிலவுடைமையாளரின் இசைவு இதற்கு இன்றியமையாததாக இருந்தமையால் எல்லா இடத்துக்கும் இதனை முன்மாதிரியாக்கிவிட முடியாது. எனினும் அக்கிராமத்தவர் ஒரே கம்பியில் நிறுவனம் மாறுவதற்கு மேலாக ஒன்றைத் தெரிந்தெடுத்தனர் என்பதில் ஐயமில்லை.

ஹல் நகரத்தின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அந்நகரின் மாநகரசபை 1904இல் தனது சொந்தத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கிற்று. ஏனைய உள்ளூராட்சிச் சபைகள் நடத்திய சேவைகள் காலப்போக்கில் தபால் திணைக்களத்திடம் சென்றபோதும் ஹல் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்குள்ள தொலைபேசிக் கூண்டுகள் நாட்டின் ஏனைய பகுதிகளிற்போலச் சிவப்பாகவன்றி வெளிர்மஞ்சளாக இருப்பது அதன் அடையாளம். 1999இல் அச்சேவை பங்குச் சந்தைக்குச் சென்றது. 2007இல் மாநகரசபை எஞ்சிய பங்குகளையும் விற்றது. ஓப்பின்றீச் இல்லாத, போட்டி நிறுவனங்கள் பெரும்பாலும் நுழையாத இந்நகரில் நெடுங்காலமாகத் தெரிவு என்பதே அரிதாயிருந்தது. ஆயினும் 2019இல் தன் சேவைப் பகுதி முழுவதற்கும் வீடுவரையான ஒளிநார் வலையமைப்பை அந்நிறுவனம் நிறைவுசெய்தபோது, தெரிவு நிறைந்த பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் செம்பே ஓடிக்கொண்டிருந்தது. இதிலிருந்து ஏகபோகமே சிறந்ததென முடிவுகட்டுவது அவசரமாகும்; அடர்ந்து வாழும் ஒரே நகரம் என்ற வசதி அந்நிறுவனத்துக்கு இருந்தது. விலைபற்றிய முறைப்பாடுகளும் அங்கு இல்லாமலில்லை.

2024 செப்டெம்பர் 12ஆம் திகதி, எந்தக் கம்பியிலிருந்து எந்தக் கம்பிக்கு மாறினாலும் புதிய நிறுவனத்திடம் மட்டும் அறிவித்தாற் போதும் என்ற முறை, பலமுறை பிற்போடப்பட்டபின் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன்னரே ஹல் நகருக்கும் போட்டி வந்து சேர்ந்திருந்தது. நிலத்தடிக் குழாய்களைப் பயன்படுத்தும் வழி அடைபட்டிருந்த புதிய நிறுவனங்கள், தமது ஒளிநாரைக் கொண்டுசெல்ல வீதியோரங்களில் மரக்கம்பங்களை நாட்டின. ஹல்லிலும் அயலிலுள்ள ஹெடனிலும் வாழ்ந்தோர் சிலர், தம் வாசலெதிரே கம்பம் எழுவதை எதிர்த்து வீதிக்கு இறங்கினர்.