வெட்டிய துப்பாக்கி மீண்டும் எழுந்த கதை

எஸ்.எல்.ஆர். என்ற பெயரைக் கேட்டால் நம் நாட்டு முன்னாள் ராணுவத்தினர் பலருக்குப் பழைய நினைவுகள் வரும். கொன்ஃப்ரொந்தாசி காலத்தில், சரவாக் காடுகளில் காமன்வெல்த் வீரர்கள் தோளில் சுமந்த துப்பாக்கி அது. பிறந்த இடம் பெல்ஜியம். அங்குள்ள எஃப்.என். தொழிற்சாலையில் உருவான ஃபால் துப்பாக்கியை, சில மாற்றங்களோடு பிரிட்டன் இந்தப் பெயரில் எடுத்துக்கொண்டது. 90க்கும் மேற்பட்ட நாடுகள் ஃபால் வகையைப் பயன்படுத்தின. 1982 ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் ஒரே குடும்பத்துத் துப்பாக்கியை ஏந்தித்தான் மோதின.

ராணுவம் புதிய ரகத்துக்கு மாறிவிட்டால் பழைய துப்பாக்கி என்ன ஆகும்? உருக்கிவிடுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அவற்றில் ஏராளமானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. முழுசாக அல்ல, துண்டு துண்டாக!

காரணம் 1963இல் இருக்கிறது. அதிபர் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி, இத்தாலிய ராணுவம் கழித்துப்போட்ட பழைய சரக்கு. பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தபாலில் வாங்கியது. விலை 19 டாலர் 95 காசு. அதன் பின், 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் விற்பனையை முடக்கியது; ராணுவச் சரக்கின் இறக்குமதிக்கும் கதவை அடைத்தது. ஆனால் எது துப்பாக்கி என்பதற்கு அந்தச் சட்டம் சொன்ன விளக்கம்தான் வேடிக்கை. இயங்கும் உறுப்புகளைத் தாங்கும் நடுக்கூடு, அதாவது ரிசீவர், அதுதான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. குழாய், கட்டை, விசை எல்லாம் வெறும் உதிரிப் பாகம்.

நம் ஊரில் ஜப்பான் கார்களை 'ஹாஃப்-கட்' என்று பாதியாக வெட்டி உதிரிப் பாகமாக இறக்குவார்கள் அல்லவா? அதே கதைதான். ரிசீவரை வெட்டி நாசம் செய்தார்கள். மீதியை ஒரு பெட்டியில் போட்டு விற்றார்கள். அமெரிக்க நிறுவனங்கள் புதிய ரிசீவரை வரிசை எண்ணோடு தயாரித்துக் கொடுத்தன. இரண்டும் சேர்ந்ததும் செத்த துப்பாக்கிக்கு உயிர் வந்துவிட்டது. சேர்ப்பதும் எளிதல்ல. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ரகங்கள் அங்குல அளவில் செய்தவை. பெல்ஜிய ரகம் மெட்ரிக். மாமன் மகன், அத்தை மகன் போல ஒரே சாயல்தான், ஆனால் ஒருவர் சட்டை மற்றவருக்குப் பொருந்தாது. கலந்து செய்தவை திக்கித் திணறின.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1990இல் புதிய விதி வந்தது. அதன்படி 20 பாகங்கள் கொண்ட பட்டியல் ஒன்று போட்டார்கள். இறக்குமதிக்குத் தடையுள்ள ரகம் என்றால், அந்தப் பட்டியலில் 10க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக்கூடாது. உடனே உள்ளூர்ப் பாகம் செய்பவர்களுக்கு நல்ல வியாபாரம்! ஒரு துப்பாக்கி ஆபத்தானதா இல்லையா என்பதை அதன் திருகும் விசையும் எந்த ஊர்க்காரர் என்று எண்ணிப் பார்த்தா முடிவு செய்வது? எனக்கு இது விளங்கவில்லை. அப்படிப்பட்ட ரகங்களின் குழாயை இறக்கக்கூடாது என்று 1986லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியதோ 2005இல்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் கையில் இருந்த துப்பாக்கிகளில் ஒன்று எஸ்.எல்.ஆர். அதன் பிறகு அரசாங்கம் பணம் கொடுத்து மக்களிடமிருந்து சுமார் 6 லட்சத்து 50 ஆயிரம் ஆயுதங்களை வாங்கி அழித்தது.

அமெரிக்காவில் வழக்கு மட்டும் ஓயவில்லை. வரிசை எண்ணே இல்லாமல், வீட்டிலேயே சுலபமாகப் பூட்டும் புது வகைப் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றையும் துப்பாக்கியாகவே கருத வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதியை, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது.

நம் மலேசியாவில் இந்தத் தகராறுக்கே இடமில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் பாகத்தையும் ஆயுதம் என்றே சொல்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை. பிரம்படி ஆறுக்குக் குறையாது.