கேடில்லா ஓசைகள்: ஏடிவி வண்டியின் வரலாற்றில் ஒரு பக்கம்

மணல், சேறு, பனி, கரடுமுரடான காட்டுவழி என எந்நிலத்திலும் ஓடக்கூடியதாய் வடிவமைக்கப்பட்ட, ஏடிவி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் வண்டி 1970-ஆம் ஆண்டு அமெரிக்கச் சந்தையில் நிலைகொண்டது. அன்று முதல் அது கண்ட பெரிய மாற்றம் ஒவ்வொன்றும், அதற்கு முன் அவ்வண்டியில் கேட்டிராத ஓர் ஓசையையும் உடன் கொண்டுவந்தது. புதிதாக வாங்கியவர் பழுதென்று அஞ்சிப் பணிமனைக்கு ஓட்டிவந்த அவ்வோசைகளில் பல, உறுப்புகள் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்வதால் எழுந்தவை. எனவே, கெடுதலுள்ள ஓசையைக் கண்டுபிடிப்பதைப் போலவே, கெடுதலற்ற ஓசையை அடையாளம் கண்டு அதைத் தொடாமல் விடுவதும் இத்தொழிலில் ஒரு தனித் தேர்ச்சியாக வளர்ந்தது. குதிரைத்திறன், விபத்து, வழக்கு ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் எழுதப்பட்டுவந்த ஏடிவி வரலாற்றில் இத்தேர்ச்சிக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இயந்திரத்தைச் செவியால் ஆராயும் எண்ணம் மோட்டார் வண்டிகளைவிட மிகப் பழமையானது. கடிகாரத்தின் உள்ளியக்கத்தை அதன் ஒலியால் அறிவதுபோல் பிற பொருள்களின் உள்ளே நடப்பதையும் ஒலியால் அறியக்கூடும் என்ற கருத்தை ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் எழுதிவைத்தார். அவர் 1703-இல் மறைந்த பின் 1705-இல் வெளியான தொகுப்பில் அது அச்சேறியது. பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1816-இல் உருவாக்கிய ஸ்டெதாஸ்கோப், பின்னாளில் நுனியில் உலோகக் கம்பி பொருத்தப்பட்டு மெக்கானிக்கின் கருவியாகவும் ஆயிற்று. அக்கருவி இல்லாத இடங்களில் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தின் உறையில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பது வழக்கம். காற்றைவிடத் திண்மமான உலோகத்தின் வழியே அதிர்வு தெளிவாக வந்துசேர்வதால், உறையின் எந்தப் புள்ளியில் ஓசை வலுக்கிறதோ அதன் அருகிலேயே அதன் பிறப்பிடமும் இருக்கும் என்று கொள்ள முடிந்தது.

குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுவதால் அப்பருவத்தில் விற்க வேறொரு வண்டி வேண்டும் என்று ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை 1967-இல் கேட்டதன் பேரில், பொறியாளர் ஒசாமு டகேயுச்சி உருவாக்கிய மூன்று சக்கர வண்டியே 1970-இல் யுஎஸ்90 என்ற பெயரில் வந்து, பின்னர் ஏடிசி90 ஆனது. அதில் ஸ்பிரிங் முதலிய அதிர்வுதாங்கிகள் இல்லை. மிகக் குறைந்த காற்றழுத்தம் கொண்ட பருத்த டயர்களே அவ்வேலையைச் செய்தன. 89 சிசி கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் இயந்திரம் காற்றால் குளிர்ந்தது. நீரால் குளிரும் இயந்திரத்தில் சிலிண்டரைச் சூழ்ந்திருக்கும் நீருறை ஓசையில் ஒரு பகுதியை அமுக்கிவிடும். காற்றால் குளிரும் இயந்திரத்துக்கு அந்த மறைப்பு கிடையாது, மேலும் அதன் மெல்லிய உலோகத் தகடுகள் தாமும் அதிர்ந்து ஒலிக்கும். வண்டியை நிறுத்திய பின் சூடான புகைக்குழாயும் சிலிண்டரும் சுருங்கும்போது சற்று நேரம் எழும் டிக் டிக் ஓசையும் கேடற்றதே.

அக்கால வண்டிகளின் ஓசைகளில் மிகுதியான ஐயத்தை எழுப்பியது டேப்பெட் சத்தம். சிலிண்டருக்குள் காற்றையும் எரிபொருளையும் விடுவதும் புகையை வெளியேற்றுவதும் வால்வுகள். அவற்றைத் திறப்பது கேம் என்னும், முட்டைவடிவப் புடைப்புள்ள தண்டு. இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விடப்படுகிறது. சூடேறும்போது வால்வின் தண்டு நீள்வதால், அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பதே இந்த இடைவெளியின் நோக்கம். ஒவ்வொரு முறையும் கேம் இந்த இடைவெளியைக் கடந்து வால்வைத் தொடும் கணத்தில் மெல்லிய தட்டல் எழுகிறது. நான்கு வீச்சு இயந்திரத்தில் கிராங்க் என்னும் முதன்மைத் தண்டு இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறை சுழலும் என்பதால், நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் நின்று ஓடும் இயந்திரத்தில் ஒரு வால்வின் தட்டல் நொடிக்குப் பன்னிரண்டரை முறை விழும். கிராங்க் பக்கத்துப் பழுதோ ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒன்றாக, நொடிக்கு 25 முறை இடிக்கும். எண்ணிப் பார்க்க இயலாத வேகமே எனினும், இயந்திரத்தின் முழக்கத்தோடு ஒப்பிட்டால் ஒன்று நிதானமாகவும் மற்றது இரட்டிப்பு விரைவாகவும் ஒலிப்பதைப் பழகிய செவி பிரித்துக்கொள்ளும்.

சத்தம் ஒழிய வேண்டும் என்று டேப்பெட்டை இறுக்கி இந்த இடைவெளியைக் குறைப்பது இங்குதான் பெருந்தீங்காகிறது. இடைவெளி போதாத புகைபோக்கு வால்வு சூட்டில் நீண்டு தன் இருக்கையில் முழுமையாக அமராமல் நிற்கும். அதன் வெப்பத்தின் பெரும்பகுதி இருக்கையின் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், அமராத வால்வு குளிர வழியின்றி ஓரம் கருகிப்போகும். நாளடைவில் வால்வின் இருக்கை தேய்ந்து உள்வாங்கும் வண்டிகளில் இடைவெளி தானாகவே குறைந்துவருவதால், ஓசை அடங்கியதே அங்கு முதல் எச்சரிக்கை. அளவோடு தட்டும் வால்வு நலமாக இருக்கிறது என்பதையும், அமைதியாகிப்போன வால்வை உடனே அளந்து பார்க்க வேண்டும் என்பதையும் அறிந்த மெக்கானிக்குகளால் பிழைத்த இயந்திரங்கள் பல. விவரமறியாத நல்லெண்ணத்தால் கெட்டவையும் உண்டு.

சுசுகி 1982-இல் கொண்டுவந்த குவாட்ரன்னர் எல்டி125 நான்கு சக்கரத்துக்கு வழிதிறந்தது. மூன்று சக்கர வண்டிகளின் விபத்துகள் பெருகியதைத் தொடர்ந்து அமெரிக்க அரசும் முன்னணித் தயாரிப்பாளர்களும் 1988-இல் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டால் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. குவாட்ரன்னரில் பின்னோக்கிச் செல்லும் ரிவர்ஸ் கியரும் இருந்தது. பற்கள் நேராக வெட்டப்பட்ட கியர்களில் ஒரு பல் விலகி அடுத்தது முழு அகலத்தோடு ஒரேயடியாகப் பொருந்துவதால், வண்டி பின்னே செல்லும்போது ஊளை போன்ற நீண்ட இரைச்சல் எழும். பின்னோக்கி வேகமாகப் போய்க் கவிழாமல் காக்கப் பின்னாளைய வண்டிகளில் வைக்கப்பட்ட கட்டுப்பாடு தீப்பொறியை இடையிடையே நிறுத்தும்; இயந்திரம் இருமுவதுபோல் திக்கித் திணறும். கார்புரேட்டர் அடைத்துவிட்டது என்று எண்ணி அதைக் கழற்றுவோர்க்கு அங்கே ஒன்றும் அகப்படாது.

பெல்ட் வந்த பிறகு ஓசைகளின் வகையே மாறியது. நெதர்லாந்தின் ஹுப் வான் டோர்னே 1958-இல் டாஃப் காரில் அறிமுகம் செய்த, பெல்ட்டும் விரிந்து சுருங்கும் இரு கப்பிகளும் கொண்ட தானியங்கி அமைப்பைப் போன்றதைப் பனிச்சறுக்கு வண்டிகளும் பயன்படுத்தின. அவ்வண்டிகளைச் செய்துவந்த மினசோட்டா மாநிலத்து ரோசோ ஊரின் போலாரிஸ் நிறுவனம், 1985-இல் வெளியிட்ட டிரெயில் பாஸ் ஏடிவியில் அதே அமைப்பை வைத்தது. இயந்திரத்தோடு இணைந்த கப்பியில் உள்ள எடைகள் சுழற்சி கூடக்கூட வெளியே விரிந்து கப்பியின் இரு பக்கங்களையும் நெருக்க, பெல்ட் பிடித்துக்கொண்டு வண்டி நகரும். நின்ற நிலையில் அந்த எடைகள் சுமையின்றித் தளர்ந்து ஆடுவதால் எழும் கடகடப்பு, சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் மறைந்துவிடும். மறையாமல் நின்றால் அங்கே உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். புறப்படும் நொடியில் பெல்ட் பிடிக்கும் முன் வழுக்கி உறுமும். ஓடையைக் கடந்தபின் உறைக்குள் நீர் புகுந்திருந்தால் அது கூச்சலிட்டு வழுக்கும். பெரும்பாலும் கியரை நியூட்ரலில் வைத்து இயந்திரத்தைச் சற்று வேகமாக ஓடவிட்டால், காய்ந்ததும் அடங்கும். காய்வதற்குள் அழுத்தி ஓட்டினால் பெல்ட் ஓரிடத்தில் கருகி, பின்பு சுற்றுக்கொரு முறை தட்டும் ஓசையைத் தரும். இது பெல்ட்டை மாற்றும்வரை தீராது.

ஹோண்டா ஃபோர்டிராக்ஸ் 350 வண்டி 1986-இல் நான்கு சக்கர இயக்கத்தைக் கொண்டுவர, ஓசை முன் அச்சுக்கும் பரவியது. பின்சக்கரம் வழுக்கும்போது மட்டும் முன்சக்கரங்களைத் தானாக இணைக்கும் அமைப்புகள் பின்னர் வந்தன. அவற்றில் மின்காந்தம் ஒன்று சிறு உருளைகளைச் சரிவான பள்ளத்தில் இழுத்துப் பிடிக்க, அவை ஆப்பு போல் இறுகி அச்சைப் பூட்டும். இறுகும்போதும் விடும்போதும் டக்கென்ற சத்தம் கேட்கும். செயினுக்குப் பதிலாகத் தண்டினால் சக்தியைக் கடத்தும் வண்டிகளில், ஆக்சிலரேட்டரை விட்டு மீண்டும் கொடுக்கும்போது கியர்ப் பற்களுக்கிடையே உள்ள தேவையான சிறு தளர்வு ஒரு மொத்து ஓசையாய் வெளிப்படும்.

சட்டமும் ஓர் ஓசையைத் தந்தது என்பது வியப்புக்குரியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் இயற்றிய புகை வரம்புகள் 2006-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. காற்று மிகுத்து எரிபொருள் குறைத்து அமைக்கப்பட்ட கார்புரேட்டர் இயந்திரத்தில், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விடும்போது எரியாத கலவை புகைக்குழாயில் சென்று பொட்பொட்டென்று வெடிக்கும். எரிபொருளைப் பீய்ச்சும் எஃப்ஐ முறை வந்த வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் பம்பு இரண்டொரு நொடி ரீங்கரித்து அழுத்தம் ஏற்றி நிற்கும். யமஹா கிரிஸ்லி 700 வண்டி 2007-இல் ஏடிவிக்கு மின்விசைத் திருப்புமுறையைக் கொணர்ந்தபோது, ஹேண்டில்பாரைத் திருப்புகையில் மோட்டாரின் மெல்லிய முனகலும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்தை நிறுத்திய பின்னும் ரேடியேட்டர் விசிறி சுழலும் வண்டிகளும் உள்ளன.

இவ்வளவு வகைப்பட்ட ஓசைகளையும் பிரித்தறியக் கையாளப்படும் முறை எளிமையானது. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் இயந்திர வேகத்தை ஏற்றும்போது ஓசையும் ஏறினால் அது இயந்திரத்தைச் சார்ந்தது. நியூட்ரலில் உருட்டும்போது சக்கர வேகத்தோடு ஏறினால் அச்சு, பேரிங், பிரேக் ஆகியவற்றைச் சார்ந்தது. குளிர்ந்திருக்கையில் கேட்டுச் சூடேறியதும் மறைவதும், வாங்கிய நாள் முதல் மாறாதிருப்பதும் பெரும்பாலும் இயல்பு. சுமையேற்றத்தில் வலுப்பதும், வாரத்துக்கு வாரம் வளர்வதும், வடித்த எண்ணெயில் உலோகத் துகள் தென்படுவதோடு சேர்ந்து வருவதும் திறந்து பார்க்க வேண்டியவை. கேட்ட ஓசையை நாளோடும் ஓடிய தூரத்தோடும் குறித்துவைக்கும் பணிமனைகளில் இத்தீர்ப்பு இன்னும் துல்லியமாகிறது.

போலாரிஸ் 2021 டிசம்பரில் அறிவித்த ரேஞ்சர் எக்ஸ்பி கைனெடிக் போன்ற மின் வண்டிகளில் இயந்திர முழக்கமே இல்லாததால், அதுவரை அதனடியில் மறைந்திருந்த கியர்ப் பற்களின் இரைச்சலும், கெட்டித் தரையில் டயர்க் கட்டிகள் எழுப்பும் முழக்கமும், பிரேக் தகட்டில் ஒட்டிய சேற்றின் உரசலும் ஓட்டுநரின் காதுக்கு முதல்முறையாக எட்டுகின்றன. அவற்றில் எவை இயல்பு என்று பணிமனைகள் இப்போது புதிதாகக் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கின்றன.